உமா ஓயா நீர்: சுரங்கப்பாதை முடிந்தது, பங்கீடு முடியவில்லை

ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பக்கத்து மலைநீரை வெல்லவாய, அம்பாந்தோட்டை வறள்நிலங்களுக்கு இறக்கும் உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. ஈரானின் ஃபராப் நிறுவனத்துடன் 2008இல் தொடங்கிய பணி இது. புஹுல்பொல, டயரபா அணைகளில் மறிக்கப்படும் நீர் 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கப்பாதை வழியே ரன்தெனிய நிலத்தடி மின்நிலையத்தை அடைகிறது. அங்கே 120 மெகாவாட் மின்சாரத்தைத் தந்தபின் கிரிந்தி ஓயா வடிநிலத்தில் சேர்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 145 மில்லியன் கன மீற்றர் நீரைத் திருப்புவது திட்டத்தின் இலக்கு. அதில் பெரும்பகுதி பாசனத்துக்கும், சுமார் 39 மில்லியன் கன மீற்றர் குடிநீருக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கப்பட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை ஒட்டி வளரும் நகரப் பகுதியின் தேவையும் இக்கணக்கில் உண்டு. நீரைக் கடத்தும் பொறியியல் வேலை முடிந்துவிட்டது. வறண்ட ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதைப் பயனாளர் எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தத் திட்டம் பற்றாக்குறையை இடம் மாற்றுமே தவிரத் தீர்க்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நீருக்கு மூன்று பக்கத்தில் உரிமைக்காரர் உண்டு. மேலே வெலிமடை, பண்டாரவளை விவசாயிகளும் தோட்ட மக்களும். கீழே கிரிந்தி ஓயாவின் குளங்களை நம்பியோர். மூன்றாவதாக, உமா ஓயா ரந்தம்பையில் மகாவலியுடன் கலப்பதால், அதற்குக் கீழே மினிப்பே வாய்க்கால்களில் நீர் பெறுவோர். இவர்களின் தேவைகள் வெவ்வேறு காலங்களில் எழுந்தால் பங்கீடு எளிதாக இருக்கும். ஊவாவின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு வீசுவதால், ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெலிமடையும் காய்கிறது, வெல்லவாயவும் காய்கிறது. பெரும்போக நெல்லுக்குப் பின் வெலிமடை வயல்களில் உருளைக்கிழங்கு போடுவதும் இதே சிறுபோகத்தில்தான். மேலுள்ள இரு அணைகளும் பெரிய கொள்ளளவு கொண்டவை அல்ல; மாரிநீரைக் கோடைக்குச் சேமிக்கும் வேலை கீழேயுள்ள குளங்களுடையது. ஆகவே கோடையில் மேலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பங்கும் யாரோ ஒருவரின் பயிரிலிருந்து எடுக்கப்படுவதே.

பண்டாரவளையின் அனுபவமும் கணக்கில் வரவேண்டும். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருகியதைத் தொடர்ந்து கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. 2017 ஜூனில் மக்கள் வீதிக்கு இறங்கினர். தோட்டங்களில் ஊற்று வற்றினால் தொழிலாளர் லயங்களின் தண்ணீர்ப் பீலியும் நின்றுவிடும். அதைத் திருத்தித் தரப் பிரதேச சபையை நாடும் வழியும் தோட்ட மக்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தது: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபை நிதியைச் செலவிட 2018இல்தான் வழி பிறந்தது.

கூட்டுத் திட்டமிடலால் நீரை நீட்டிக்க முடியும் என்பதற்கு வொஷிங்டன் மாநகரப் பகுதி தெளிவான சான்று. பொட்டோமாக் ஆற்றில் 16 அணைகள் வேண்டும் என்று 1963இல் இராணுவப் பொறியியலாளர் முன்மொழிந்தனர். அவற்றுள் ஜெனிங்ஸ் ராண்டோல்ஃப் அணை மட்டுமே எழுந்தது. வறட்சியில் ஆற்றுநீரைப் பகிரும் விதியை 1978இல் ஒப்பந்தமாக்கி, 1982இல் மூன்று நீர்வழங்கல் நிறுவனங்களும் தம் நீர்த்தேக்கங்களை ஒன்றாக இயக்க உடன்பட்டதால், லிட்டில் செனெக்கா என்ற சிறு நீர்த்தேக்கத்தைச் சேர்த்ததே போதுமானதாயிற்று. நம் நாட்டில் எதிர்மறைச் சான்றும் உண்டு. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நம்பிக்கையைப் பெறவில்லை. இறுதியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டவேண்டியதாயிற்று.

ஏற்கெனவே உள்ள அமைப்புகள் போதாதா என்று கேட்கலாம். மகாவலி அதிகார சபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் போகந்தோறும் மின்சாரத் துறையோடும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் கூடி நீர்விடுகையைத் திட்டமிடுகிறது; குளங்களில் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. முதலாவது நிறுவனங்களின் மேசை. இரண்டாவதில் ஒரு குளத்தின் விவசாயிகள் மட்டுமே அமர்வர். இரு வடிநிலங்களின் மக்களும் தோட்டங்களும் நகர நீர்வழங்கலும் ஒன்றாக அமரும் இடம் இவற்றுள் இல்லை. 2000இல் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கை, நீர் விலைப்பொருளாகிவிடும் என்ற அச்சத்தால் எழுந்த எதிர்ப்பில் வீழ்ந்தது. ஆகவே புதிய அதிகார சபையைக் காட்டிலும், கைமாற்றத்தக்க நீருரிமை எதையும் உருவாக்காத ஒப்பந்தமே ஊவாவுக்குப் பொருந்தும்.

அவ்வொப்பந்தத்தில் மூன்று பிரிவுகள் இருக்கவேண்டும். அணைகளின் கீழ் ஆற்றில் ஓடவேண்டிய குறைந்தபட்ச நீரும் மேல்நாட்டுக் குடிநீரும் முதல் கடப்பாடாக வேண்டும். சிறுபோகத்துக்கு முன்பே, நீர்வரத்து மட்டத்தைப் பொறுத்து ஒவ்வொரு தரப்புக்குமான குறைப்பு வீதம் எழுதப்படவேண்டும். பண்டாரவளைக் கிணறுகளின் நீர்மட்ட அளவீடுகள் மும்மொழியிலும் வெளியிடப்படவேண்டும். நல்ல மழை பெய்யும் ஆண்டொன்றிலேயே மாகாண சபையும் மத்திய நிறுவனங்களும் இதில் கையெழுத்திட வேண்டும். வறட்சி தொடங்கியபின் எழுதப்படும் எந்த விதியையும் இழப்பவர் ஏற்கமாட்டார்.