யோரிஸ் இவென்ஸின் போர்க்கால ஆவணப்படங்கள்

யோரிஸ் இவென்ஸ் (1898–1989) நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பிறந்த ஆவணப்பட இயக்குநர். ஸ்பெயின், சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளின் போர்களை நேரில் சென்று படமாக்கினார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் மக்கள் உழுது பயிரிட்டு வாழ்வதைக் காட்டியது இவருடைய தனிச்சிறப்பு. தான் யார் பக்கம் என்பதை இவர் மறைத்ததில்லை.

ஸ்பெயின்

உள்நாட்டுப் போரின்போது எடுத்த 'ஸ்பானிய மண்' (1937) குடியரசுத் தரப்பை ஆதரித்த படம். மாட்ரிட்–வாலன்சியா சாலையிலுள்ள ஃபுவெண்டிடுவேனியா என்ற சிற்றூர் அதன் களம். முற்றுகைக்கு ஆளான தலைநகருக்கு உணவு அனுப்புவதற்காக, தரிசாகக் கிடந்த நிலத்துக்கு ஊரார் வாய்க்கால் வெட்டுகிறார்கள். முடிவில் வறண்ட மண்ணில் தண்ணீர் பாய்கிறது; அக்காட்சிக்கு இடையிடையே ஒரு வீரன் தனியாகச் சுட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. ஹூலியன் என்ற இளம் விவசாயியைச் சுற்றியே படத்தைப் பின்னத் திட்டமிட்டிருந்தனர். போர்ச் சூழலில் அவனை மறுபடி கண்டுபிடிக்க முடியாததால் அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

வர்ணனையை முதலில் நடிகர் ஆர்சன் வெல்ஸ் பேசினார். அவர் குரலில் மெருகு அதிகம் என்று கருதி, வர்ணனையை எழுதிய எழுத்தாளர் ஹெமிங்வேயையே பேசவைத்தனர். 1937 ஜூலையில் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இப்படத்தைப் பார்த்தார்; ஆனாலும் அமெரிக்காவின் தலையிடாக் கொள்கை மாறவில்லை. திரையிடல்களில் திரண்ட பணம் ஆம்புலன்ஸ் வாங்க உதவியது.

சீனா

ஜப்பானியப் படையெடுப்பைப் பற்றிய '40 கோடி மக்கள்' (1939) படத்துக்காக 1938இல் சீனா சென்றார். கம்யூனிஸ்டுகளின் தளமான ஏனானுக்குச் செல்ல, சீனாவை ஆண்ட கோமிண்டாங் கட்சியின் அதிகாரிகள் விடவில்லை. எனவே தன் கையடக்க ஐமோ கேமராவை ரகசியமாக அங்கிருந்த படக்குழுவுக்குக் கொடுத்தனுப்பினார். தான் போக முடியாத இடத்தை அங்குள்ளவர்களே படமெடுக்க அந்தக் கேமரா வழிசெய்தது.

இந்தோனேசியா, வியட்நாம்

இந்தோனேசிய விடுதலைக்கு ஆதரவாக டச்சுக் கப்பல்களில் வேலைசெய்ய மறுத்த துறைமுகத் தொழிலாளரையும் மாலுமிகளையும் 'இந்தோனேசியா அழைக்கிறது' (1946) படத்துக்காக சிட்னியில் படமாக்கினார். அந்த மறுப்பில் இந்திய மாலுமிகளும் சேர்ந்திருந்தனர். தாய்நாட்டு அரசின் பதவியைத் துறந்து எடுத்த இப்படத்தால் நெடுங்காலம் அவ்வரசின் பகையைச் சுமந்தார். 'பதினேழாவது அட்சக்கோடு' (1968) படத்துக்காக, தன் துணைவி மார்சலின் லோரிடானுடன் வியட்நாமின் வின் லின் பகுதியில் சுரங்கங்களில் மக்களோடு தங்கினார்.

மதிப்பீடு

இவர் சில காட்சிகளை மக்களை மீண்டும் நடித்துக்காட்டச் செய்து எடுத்தார். குடியரசுத் தரப்பின் உட்பகைகளை 'ஸ்பானிய மண்' பேசவில்லை. பக்கம் சார்ந்த படம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்வையாளர் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த வாய்க்காலை வெட்டிய கைகளை அன்று திரையில் பதிவுசெய்து வைத்தது இவருடைய கேமராவே.