காத்திருப்பின் விலை

பிறர் வழக்குக்குப் பணம் கொடுத்து ஆதாயத்தில் பங்கு கேட்பது இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். எளியவரின் வழக்கைப் பிரபுக்கள் வியாபாரமாக்கிவிடக் கூடாதே என்ற பழைய அச்சம் அது!

அந்த அச்சம் வீணா? அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தைப் பாருங்கள். சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், கெடு கடந்தும் வழக்குத் தொடரச் சிறிது காலம் இடம் தந்தது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்குகள் குவியவே, ராக்வில் சென்டர் கத்தோலிக்க மறைமாவட்டம் 2020-இல் திவால் மனுக் கொடுத்தது. சுமார் 600 பேருக்கு 32.3 கோடி டாலர் என்று முடிவாக 2024 ஆயிற்று.

அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? இத்தகையோருக்கு முன்பணம் தரும் கம்பெனிகள் உண்டு. தோற்றால் திருப்ப வேண்டாம். வென்றாலோ, நாளாக நாளாக ஏறிய கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். வறுமையால் அற்பத் தொகைக்கு இணங்குவதைவிட அது மேல்தான். ஆனால் தாமதிப்பது ஸ்தாபனம். தாமதத்துக்கு விலை கொடுப்பவரோ, அன்று குழந்தையாக அடிபட்ட அதே மனிதர்!