ஒற்றைச்சுடு ரைஃபிள்

ஒற்றைச்சுடு ரைஃபிள் என்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் கொள்ளக்கூடிய, ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் கையால் மீண்டும் தோட்டா இட வேண்டிய புரிதுப்பாக்கி ஆகும். தோட்டாக்களைச் சேமித்து வைக்கும் தோட்டாக்கூடு இதில் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாட்டுப் படைகளின் முதன்மைக் கருவியாக விளங்கிய இவ்வகை, பலசுடு ரைஃபிள்களின் வருகையால் படைத்துறையில் வழக்கொழிந்தது. ஆயினும் வேட்டையிலும் இலக்குச் சுடுதலிலும் இன்றளவும் பயன்படுகிறது. எளிய அமைப்பு, உறுதி, துல்லியம் ஆகியன இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள். இரண்டாவது வாய்ப்பு உடனே கிடைக்காது என்பதால் சுடுபவரிடம் உருவாகும் கவனமும் பொறுமையும் மற்றொரு காரணமாகக் கூறப்படுகின்றன.

வரலாறு

தொடக்ககாலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் குழலின் முன்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இடப்பட்டவை. பின்வாய் வழியே தோட்டா இடும் முறை 19 ஆம் நூற்றாண்டில் வளர்ச்சி பெற்றது. அமெரிக்கரான கிறிஸ்டியன் சார்ப்ஸ் 1848 இல் தம் பின்வாய் ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானியப் படை 1866 முதல் தன் பழைய முன்வாய்த் துப்பாக்கிகளை ஸ்னைடர் முறைப்படி மாற்றியமைத்தது. 1871 இல் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் தயாரித்த உருள்கட்டை ரைஃபிள் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1879 இல் காப்புரிமை பெற்ற ஒற்றைச்சுடு வடிவமைப்பின் உரிமையை வின்செஸ்டர் நிறுவனம் 1883 இல் விலைக்கு வாங்கியது. அதுவே 1885 ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் வெளிவந்தது. பின்னாளில் பல புகழ்பெற்ற பலசுடு துப்பாக்கிகளை வடிவமைத்த பிரௌனிங்கின் முதல் காப்புரிமை ஓர் ஒற்றைச்சுடு ரைஃபிளுக்கானது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரான்சு 1886 இல் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் லெபெல் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. 1888 இல் பிரித்தானியா லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளுக்கு மாறியது. இவ்விரண்டும் பலசுடு ரைஃபிள்கள். இதன்பின் போர்க்களத்தில் ஒற்றைச்சுடு ரைஃபிளுக்கு இடமில்லாமல் போயிற்று.

இயங்குமுறைகள்

சுடும்போது உண்டாகும் வளிம அழுத்தம் பின்புறமாக வெளியேறாதவாறு குழலின் பின்வாயை மூடுவதே இயங்குமுறையின் பணி. மூடும் முறையைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன.

* வீழ்கட்டை: ஓர் எஃகுக் கட்டை செங்குத்தான பள்ளத்தில் மேலும் கீழும் நகரும். நெம்புகோலைக் கீழே தள்ளினால் கட்டை இறங்கிப் பின்வாய் திறக்கும். சார்ப்ஸ், வின்செஸ்டர் 1885, ரூகர் எண் 1 ஆகியவை இவ்வகை.
* சாய்கட்டை: கட்டையின் பின்முனை அச்சில் பொருத்தப்பட்டிருக்க, முன்முனை மட்டும் கீழிறங்கும். மார்ட்டினி-ஹென்றி இவ்வகை.
* உருள்கட்டை: கட்டை பின்னோக்கிச் சுழன்று திறக்கும். சுடும்போது சுத்தியலின் அடிப்பகுதி கட்டையைத் தாங்கிப் பூட்டுகிறது.
* மடிகுழல்: குழல் ஒரு கீலில் மடிந்து திறக்கும். விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கிகளில் பரவலாகக் காணப்படுவது.
* தாழ்ப்பாள் வகை: கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னும் பின்னும் இயங்கும். இலக்குச் சுடுதலுக்கான தற்கால ரைஃபிள்கள் பல இவ்வகையின.

தொழில்நுட்ப நன்மைகள்

பலசுடு ரைஃபிளில் தாழ்ப்பாள் பின்னோக்கி வந்து, புதிய தோட்டாவை எடுத்துச் செல்ல இடம் தேவை. வீழ்கட்டை வகையில் அந்த இடம் தேவையில்லை. எனவே துப்பாக்கியின் மொத்த நீளம் மாறாமலேயே குழலைச் சுமார் 4 அங்குலம் கூடுதலாக அமைக்கலாம். நீண்ட குழலில் குண்டு கூடுதல் வேகம் பெறும்.

தோட்டாவின் நீளத்துக்கும் குண்டின் வடிவத்துக்கும் தோட்டாக்கூடு விதிக்கும் கட்டுப்பாடு இதில் இல்லை. குழாய் வடிவத் தோட்டாக்கூட்டில் ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் தீமூட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு அதை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதால் அங்கு மழுங்கிய குண்டுகளே பயன்படுத்தப்பட்டன. ஒற்றைச்சுடு ரைஃபிளில் இச்சிக்கல் எழுவதில்லை.

தாழ்ப்பாள் வகையில் தோட்டாக்கூட்டுக்கான திறப்பை வெட்டாமல் விடுவதால் உடற்பகுதி கூடுதல் விறைப்புடன் இருக்கும். சுடும்போது அது வளைவது குறைவதால் துல்லியம் கூடும்.

இலக்குச் சுடுதல்

1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் லாங் தீவில் உள்ள கிரீட்மூர் திடலில் அமெரிக்க, அயர்லாந்து அணிகள் மோதின. அணிக்கு அறுவர், தொலைவுகள் 800, 900, 1000 கெஜம். அயர்லாந்து வீரர்கள் ரிக்பி முன்வாய் ரைஃபிள்களையும் அமெரிக்கர்கள் ரெமிங்டன், சார்ப்ஸ் பின்வாய் ரைஃபிள்களையும் பயன்படுத்தினர். அமெரிக்கா 934 புள்ளிகளும் அயர்லாந்து 931 புள்ளிகளும் பெற்றன. நடு வட்டத்தைத் துளைத்தால் 4 புள்ளிகள். அயர்லாந்து வீரர் ஒருவரின் குண்டு வேறோர் இலக்கின் நடு வட்டத்தைத் துளைத்ததால் அப்புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. அந்த ஒரு குண்டு உரிய இலக்கில் பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், 10 மீட்டர் காற்றழுத்த ரைஃபிள் போட்டியில் 0.5 மில்லிமீட்டர். இரண்டிலும் குண்டு ஒவ்வொன்றாகவே இடப்படுகிறது. இந்தியாவின் அபினவ் பிந்த்ரா 2008 பெய்சிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிரிவில் தங்கமும், சுவப்னில் குசாலே 2024 பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலமும் வென்றனர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் ரியோ டி செனீரோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார்.

அமெரிக்காவில் 1985 முதல் கரிமருந்துத் தோட்டா ரைஃபிள்களுக்கெனத் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. 200 மீட்டரில் கோழி, 300 இல் பன்றி, 385 இல் வான்கோழி, 500 இல் செம்மறிக்கடா வடிவ எஃகுத் தகடுகளைச் சுட்டு வீழ்த்த வேண்டும்.

வேட்டை

வேட்டையில் ஒற்றைச்சுடு ரைஃபிளைத் தேர்ந்தெடுப்போர் முன்வைக்கும் முதன்மையான வாதம் அறம் சார்ந்தது. மீண்டும் தோட்டா இடுவதற்குள் விலங்கு மறைந்துவிடும். ஆகவே வேட்டைக்காரர் நெருங்கிச் சென்று, தெளிவான நிலை வாய்க்கும்வரை காத்திருந்து, ஐயமிருந்தால் சுடாமல் விட வேண்டும். இதனால் காயத்துடன் தப்பி, நாள்கணக்கில் துன்புற்று இறக்கும் விலங்குகள் குறையும் என்பது அவர்கள் கருத்து. ரூகர் நிறுவனம் 1967 இல் அறிமுகப்படுத்திய எண் 1 ரைஃபிள் இத்தகைய வேட்டைக்காரர்களிடையே வரவேற்பைப் பெற்றது. அதன் வடிவமைப்புக்கு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஃபார்குவார்சன் 1872 இல் காப்புரிமை பெற்ற வீழ்கட்டை ரைஃபிள் முன்மாதிரியாக அமைந்தது.

ஜிம் கார்பெட் தம் சிறுவயதில் முதல் சிறுத்தையைச் சுட்டது ஒரு .450 மார்ட்டினி ரைஃபிளால் ஆகும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை.

விமர்சனங்களும் குறைபாடுகளும்

கருவியின் கட்டுப்பாடு மட்டுமே வேட்டைக்காரரைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதற்கு அமெரிக்கக் காட்டெருமைகளின் அழிவு சான்றாகும். 1870களில் தோல் வணிகத்துக்காக அவற்றைக் கொன்றோர் பெரிதும் பயன்படுத்தியவை சார்ப்ஸ், ரெமிங்டன் ஒற்றைச்சுடு ரைஃபிள்களே. தொலைவில் மறைந்திருந்து மந்தையின் தலைமைப் பசுவை முதலில் வீழ்த்தினால் ஏனையவை ஓடாமல் அங்கேயே தயங்கி நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சுட ஒற்றைத் தோட்டா போதுமானதாக இருந்தது. கோடிக்கணக்கில் இருந்த விலங்குகள், 1889 இல் வில்லியம் ஹார்னடே வெளியிட்ட கணக்கின்படி 1,091 ஆகச் சுருங்கின. எனவே பொறுமை என்னும் பண்பு துப்பாக்கியில் இல்லை, அதை ஏந்துபவரிடமே உள்ளது என்பது விமர்சகர்களின் வாதம்.

முதல் குண்டு பிழைத்துக் காயம் மட்டும் ஏற்பட்டால், வேதனையை முடிக்க வேண்டிய இரண்டாவது குண்டு தாமதமாகும். தாக்கவரும் பெருவிலங்குகளின் முன் இத்தாமதம் உயிருக்கே ஆபத்தானது. ஆப்பிரிக்காவில் பலர் இரட்டைக்குழல் ரைஃபிளை நாடியதற்கு இதுவே காரணம். சுட்ட தோட்டாவின் கூடு அறையினுள் சிக்கிக்கொள்வது மற்றொரு குறை. சுருட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டால் ஆன தொடக்ககால மார்ட்டினி-ஹென்றி தோட்டாக்கள், 1885 இல் சூடானில் நடந்த போர்களில் இவ்வாறு சிக்கின. வீழ்கட்டை ரைஃபிள்களில் மரக்கட்டை முன்னும் பின்னுமாக இரு துண்டுகளாக இருப்பதால், முன்கட்டை குழலை அழுத்தும் அளவு மாறினால் குண்டு படும் இடமும் மாறும்.

இவற்றையும் பார்க்கவும்

* புரிதுப்பாக்கி
* குறி பார்த்துச் சுடுதல்
* ஜான் பிரௌனிங்
* அமெரிக்கக் காட்டெருமை