நெல்லுக்குப் பெயரிட்டவர் யார்?

ஒரு பொருளுக்குப் பெயரிடுவோன் அப்பொருளை நன்கு அறிந்தவனாதல் வேண்டும். ஊருக்கும் ஏரிக்கும் பெயர் வழங்கிய அரசரைக் கல்வெட்டுகள் கூறும். நாம் நாள்தோறும் உண்ணும் நெல்லுக்குப் பெயர் வழங்கியவர் யார்? அவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. சேற்றில் நின்று நாற்று நட்டவரும் வெயிலில் குனிந்து கதிர் அறுத்தவருமே அப்பெயர்களை ஆக்கினர். அவருள் பலர் தமக்கென ஒரு குழி நிலமும் இல்லாதவர். ஏட்டைத் தொடவும் விடப்படாதவர். ஆயினும் அவர் இட்ட பெயர்களை ஆராயுங்கால் அவை வெறும் ஓசைகளல்ல, அறிவின் சுருக்கங்கள் என்பது புலனாகும்.

விதைப்போன் நெல்லை நோக்கிக் கேட்கும் முதற்கேள்வி, எத்தனை நாளில் விளைவாய் என்பது. அறுபதாங் குறுவை என்னும் பெயர் அதற்கு நேரே விடை கூறுகின்றது. காவிரிப் பாய்ச்சலில் குறுவை என்றாலே குறுகிய நாட் பயிர். சம்பா என்றால் ஐந்தாறு திங்கள் நின்று விளைவது. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. திருநெல்வேலிச் சீமையிலோ கார் என்றும் பிசானம் என்றும் பருவம் பிரியும்.

இரண்டாம் கேள்வி, எந்நிலத்தில் நிற்பாய் என்பது. களர்ப்பாலை, உவர்முண்டான் என்னும் பெயர்கள் களரையும் உவரையும் தம்முள்ளேயே கொண்டுள்ளன. காட்டுயானம், யானையும் மறையுமளவு உயர்ந்து வளரும் என்பர் உழவர்; தண்ணீர் தேங்கும் பள்ளத்திற்கு அது ஏற்றது.

மூன்றாம் கேள்வி, உன் உருவம் யாது என்பது. சீரகத்தை ஒத்த சிறுமணி சீரகச் சம்பா; யானைத் தந்தத்தை நினைப்பிப்பது ஆனைக்கொம்பன்; கரிய நிறத்தது கருங்குறுவை; இலுப்பைப்பூ மணம் கமழ்வது இலுப்பைப்பூச் சம்பா. சீரகம் மணியைக் காட்ட, சம்பா பருவத்தைக் காட்டுகின்றது. செடிகொடிகளை இனமும் வகையுமாக இரு சொல்லால் குறிக்கும் பயிர்நூலார் முறைக்கு இது பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

இப்பெயர்களில் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு நெல்லைக் குறிப்பதுண்டு. ஒரே நெல் ஊருக்கொரு பெயர் பூணுவதுமுண்டு. மாப்பிள்ளைச் சம்பாச் சோறு உண்டவன் இளவட்டக் கல்லைத் தூக்குவான் என்பது கேட்பதற்கு இனிய கதை, சோதனையன்று. பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது அறிவுடைமையாகாது.

முக்கூடற் பள்ளு என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். அதிற் பள்ளன், பண்ணைக்காரன் முன் நின்று நெல் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றான்; மாட்டு வகைகளையும் உரைக்கின்றான். அதே நூலில் அவன் கால் தொழுமரத்தில் மாட்டப்படுகின்றது. நெல்லின் பெயரெல்லாம் அறிந்தவன் கால் தொழுமரத்தில், கேட்டுக்கொண்டிருந்தவன் திண்ணையில்! நகைச்சுவை என்று இதுகாறும் படித்து வந்தோம். நம் சமூகத்தின் வரலாறும் அதுவே அன்றோ?

1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அங்கிருந்து 1921இல் வெளிவந்த புகழ்பெற்ற நெல்லின் பெயர் ஜி.இ.பி. 24. அரசாங்கப் பயிர்நூல் அதிகாரியின் பதவிப் பெயரினது முதலெழுத்துகளே அவை. மணியின் வடிவும் நாளின் அளவும் சொன்ன இடத்தில் உத்தியோகத்தின் பெயர் அமர்ந்தது! உழவரோ அதனைக் கிச்சிலிச் சம்பா என்றே வழங்கினர். எண்கள் கலப்பின்றி வித்தைக் காக்க உதவின, விளைச்சலும் பெருகிற்று. அதனை மறுப்பாரில்லை. பி.பி. 86 என்றும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றும் ரப்பர் மரத்தை எண்ணால் அறிந்த தோட்டத்து மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் எண், ஏட்டைப் பார்த்தவனுக்கே பொருள் தரும். பெயரோ கேட்டவனுக்கெல்லாம் தரும்.

இனி, நம் நாட்டைத் தொட்ட ஒரு செய்தி. 1950க்குப் பின் உலக உணவு விவசாய நிறுவனத்தின் முயற்சியால் ஜப்பானிய வகை நெல்லும் இந்திய வகை நெல்லும் கலக்கப்பெற்றன. தைவானின் தைச்சுங் 65 என்பதும் மலாயாவின் மாயாங் எபோஸ் என்பதும் கூடிப் பிறந்த நெல் 1965இல் மலேசியாவில் மசூரி என்னும் பெயருடன் வெளிவந்தது. மாயாங் என்பது மலாய் மொழியில் பாளையைக் குறிக்கும். மசூரி என்பதோ, லங்காவித் தீவின் கதையில் பழி சுமத்தப்பட்டு மாண்ட மங்கையின் பெயருமாகும். அந்நெல் கடல் கடந்து தமிழகம் புகுந்தது. ஆங்கே காவிரியின் பெயராகிய பொன்னி என்னும் பெயர் பெற்றது. அதிலிருந்து தெரிந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியாயிற்று. இன்று நம் கடைகளில் "ஊர் அரிசி" என்று கேட்டு வாங்கும் பொன்னியின் தாய்வீடு இந்நாடே!

தமிழகத்தில் மறைந்துவந்த பழைய நெல் வகைகளைத் தேடித் திரட்டியவருள் ஒருவர் 2018இல் காலமான நெல் ஜெயராமன். நெல்லுக்கு மனிதன் பெயரிட்டது போக, மனிதனுக்கு நெல்லே பெயராயிற்று.

ஆதலின் நம் இல்லங்களில் பாட்டனும் பாட்டியும் இருப்பின், தம் ஊரில் விளைந்த நெல்லின் பெயர்களை அவரிடம் கேட்டு, ஏன் அப்பெயர் வந்தது என்பதையும் உடன் எழுதி வையுங்கள். எழுத விடப்படாதவர் ஆக்கிய அறிவை, எழுதக் கற்ற நாம் எழுதாது விடுவோமாயின், அவரைத் தொழுவில் மாட்டியவனுக்கும் நமக்கும் வேற்றுமை யாது?