நீர் ஊறாக் கிணறு

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது நம்மவர் வழக்கு. சைபீரியாவில் வணிகர் ஒருவர் கிணறு வெட்டினார். பூதமும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. 1828ஆம் ஆண்டு தொடங்கி 1837 வரை தோண்டி 382 அடி ஆழம் சென்ற பின்னும், மண் கல்லைப் போல் உறைந்தே கிடந்தது. ஐந்து தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டிப் பார்க்க முடியாத ஆழம் அது. தாகத்துக்கு ஒரு துளி தராத அந்தக் கிணற்றை மண்ணியல் அறிஞர்கள் இன்றளவும் நன்றியோடு நினைக்கின்றனர்.

கிணறு இருப்பது யாக்குட்ஸ்க் நகரில். லீனா என்னும் பேராற்றின் கரையில் 1632இல் ருஷ்யக் கசாக்கியர் கட்டிய மரக்கோட்டையே அந்நகரின் தொடக்கம். அங்கே ஜனவரித் திங்களில் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 38 டிகிரி அளவில் நிற்கும். ஜூலையிலோ மேலே 19 டிகிரி. கோடையில் புல் தழைக்கும், கொசு மொய்க்கும், லார்ச் மரக்காடு பச்சைப் போர்வை போர்த்து நிற்கும். அக்காட்டின் தரையில் கடப்பாரையை ஊன்றினால், மூன்று நான்கு அடிக்குள் அது 'ணங்' என்று நின்றுவிடும். கீழே பாறை இல்லை. நீரும் மண்ணும் சேர்ந்து இறுகிய உறைமண். ஈராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து உறைநிலையிலேயே இருக்கும் நிலத்தை ஆங்கிலத்தில் பெர்மாபிராஸ்ட் என்பர். 1943இல் அமெரிக்க மண்ணூல் அறிஞர் ஒருவர் கட்டிய சொல் அது. நிலையுறைமண் என்று நாம் வழங்கலாம்.

அந்நாட்டின் பழங்குடியினரான சாகா மக்களுக்கு இது புதுமை அன்று. பைக்கால் ஏரிப் பக்கத்திலிருந்து மாடும் குதிரையுமாக வடக்கே குடியேறிய துருக்கிய மொழியினர் அவர்கள். கிணறு வெட்டும் வேலையை அவர்கள் மேற்கொள்ளவில்லை. ஏரி உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, நிலவறையில் அடுக்கி வைத்து, வேண்டும்போது உருக்கிக் குடித்தனர். உறைந்த நிலமே அவர்களுக்குக் களஞ்சியமாயிற்று. இறைச்சியும் மீனும் கோடையிலும் அதனுள் கெடாமல் இருந்தன. கிணறு வேண்டும் என்று எண்ணியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே. 1680களில் யாக்குட்ஸ்க் ஆளுநர்கள் கிணறு வெட்ட முயன்று தோற்றனர். கோடையிலும் மண் ஓரிரு முழத்துக்கு மேல் இளகுவதில்லை, இவ்வூரில் கிணறு அமைக்க இயலாது என்ற செய்தி மாஸ்கோவுக்குப் போயிற்று. போய், ஏட்டுச் சுவடியாய் உறங்கிற்று.

அரை நூற்றாண்டு கழித்து, 1736இல், யோஹான் கியோர்க் கிமெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் ருஷ்ய அரசின் ஆய்வுக் குழுவோடு யாக்குட்ஸ்க் வந்து சேர்ந்தார். வந்த ஆண்டிலேயே அவர் தங்கியிருந்த வீடு தீப்பற்றி, சேர்த்த பொருள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் சாம்பலாயின. உலகிலேயே குளிர் மிகுந்த ஊர்களுள் ஒன்றுக்குப் போய்த் தீயினால் நட்டப்பட்டவர் அவர். மனம் தளராமல் மீண்டும் திரட்டினார். நகரத்துப் பழைய ஏடுகளில் இருந்த கிணற்றுச் செய்தியையும் கண்டு, தம் நூலில் எழுதினார்.

ஐரோப்பா அதை நம்பவில்லை. லியோபோல்டு ஃபொன் புக் என்பவர் அக்காலத்து மண்ணூல் வல்லாருள் தலைசிறந்தவர். பெர்லினில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. செடிகொடி வளரும் நாட்டில் கோடையிலும் நிலத்தடி உறைந்து கிடக்கும் என்பது நம்பத்தக்கதன்று எனக் கிமெலினின் கூற்றை அவர் ஒதுக்கினார். மரத்துக்கு வேர் உண்டு, வேருக்கு நீர் வேண்டும், பனிக்கட்டியில் வேர் எப்படி ஓடும் என்பதே வாதம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாய் இருக்கிறது! நேரில் கண்டவன் சொல்லைவிட, காணாதவர் கட்டிய தருக்கம் வலிமை பெற்றது. இன்றும் பள்ளிப் பாடநூல்களில் உறைமண் என்றால் மரமற்ற துந்திராவின் படத்தைத்தான் காண்கிறோம். உறைமண்ணின் மேல் பெருங்காடு நிற்கிறது என்று சொல்லிக்கொடுப்பவர் சிலரே. ஃபொன் புக் செய்த பிழை இன்னும் முற்றாக ஒழியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி வணிகரைப் பார்ப்போம். ஃபியோதர் ஷெர்கின் என்பவர் ருஷ்ய-அமெரிக்கக் கும்பினியின் யாக்குட்ஸ்க் முகவர். அலாஸ்காவிலிருந்து வரும் தோல் மூட்டைகளைப் பார்த்துக்கொள்வது கும்பினியின் தொழில். முற்றத்தில் ஒரு கிணறு இருந்தால் நலம் என்று 1828இல் தோண்டத் தொடங்கினார். மறு ஆண்டு அவ்வழியே வந்த எர்மன் என்னும் ஜெர்மானியப் பயணி, 50 அடி ஆழத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, இன்னும் பல நூறடி போனாலொழியத் தண்ணீர் காண முடியாது என்று கணித்துச் சொன்னார். வேறொருவராயின் அன்றே மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பர். ஷெர்கினும் கைவிட எண்ணிய வேளையில், அலாஸ்காவுக்குத் தலைவராகச் சென்றுகொண்டிருந்த ராங்கல் பிரபு அவ்வழி வந்தார். தண்ணீருக்காக இல்லாவிடினும் அறிவுக்காகத் தோண்டுக என்று அவர் ஊக்கினார். அதன் பின்னர் நடந்த தோண்டலில் இலாபம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 382ஆம் அடியில் வேலை நின்றது. அடியில் இருந்ததும் உறைமண்ணே.

செய்தி தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கை எட்டிற்று. அங்கே கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் இருந்தார். பாலூட்டி உயிர்களின் சினைமுட்டையை 1827இல் கண்டறிந்து புகழ் பெற்றவர் அவர். கருவியல் அறிஞருக்குக் கிணற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். அக்காலத்து அறிஞர்கள் அப்படி வேலி கட்டிக்கொள்ளவில்லை. ஷெர்கின் கிணற்றைப் பற்றி 1838இல் இலண்டன் நிலநூற் கழகத்தார்க்கு எழுதினார். கிணறு ஒன்று இருந்தால் போதாது, அதன் ஒவ்வோர் ஆழத்திலும் வெப்பநிலையை முறையாக அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்குத் தக்க இளைஞரையும் தேர்ந்தெடுத்தார். அவரே அலெக்சாந்தர் ஃபொன் மிடென்டார்ஃப்.

மிடென்டார்ஃப் யாக்குட்ஸ்க் வருமுன் வடகோடியிலுள்ள தைமீர் தீபகற்பத்தை ஆராயச் சென்றார். 1843ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே நோயுற்று நடக்கவியலாமல் போகவே, உடன் வந்தவர்களை உதவி தேட அனுப்பிவிட்டுத் தனியே பனியில் பதினெட்டு நாள் கிடந்தார். அந்நிலத்துப் பழங்குடியினரே அவரை மீட்டனர். அப்படி உயிர் தப்பியவர் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யாக்குட்ஸ்க் சேர்ந்து கிணற்றில் இறங்கினார். கிணற்றுக்குள் இருக்கும் காற்றை அளந்தால் மண்ணின் வெப்பம் தெரியாது. மேலிருந்து இறங்கும் குளிர்காற்று கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே பல்வேறு ஆழங்களில் சுவரில் பக்கவாட்டாகத் துளைகள் இட்டு, அவற்றுள் வெப்பமானிகளைச் செருகி அளந்தார். அவர் அவ்வூரை விட்டுப் போன பின்னும் உள்ளூரார் ஒருவரைக் கொண்டு அளவெடுப்புத் தொடர்ந்தது.

கிடைத்த எண்கள் எளியவை. மேற்பரப்பிலிருந்து ஏழடி ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே 11.2 டிகிரி, 382 அடியில் கீழே 3 டிகிரி. ஆழம் செல்லச் செல்லக் குளிர் குறைகிறது. ஏனெனில் பூமியின் உள்வெப்பம் கீழிருந்து மேலே வருகிறது. இரண்டு எண்களையும் கோடு போட்டு நீட்டினால் உறைமண் எங்கே முடியும் என்று சொல்லிவிடலாம். 600 அடிக்கு மேல் என்று மிடென்டார்ஃப் கணக்கிட்டார். கிணறு முழுவதும் திறந்து கிடந்ததால் ஆண்டுதோறும் புகுந்த குளிர்காற்று சுவரையே குளிரச் செய்திருக்கும், ஆகவே கணக்கில் பிழை உண்டு என்று எதிர்ப்புரை எழுந்தது. அது முறையான எதிர்ப்பே. ஆனால் விவாதத்தின் தன்மை அன்றோடு மாறிவிட்டது. உறைமண் உண்டா இல்லையா என்ற பேச்சு ஓய்ந்து, எவ்வளவு தடிப்பு, எவ்வளவு குளிர் என்ற பேச்சு தொடங்கிற்று.

பேயரின் கதையில் ஒரு சோகமும் உண்டு. சைபீரிய உறைமண்ணைப் பற்றி அதுவரை தெரிந்த யாவற்றையும் திரட்டி, அதன் தெற்கெல்லையையும் வகுத்து, 1843இல் அவர் ஒரு நூல் எழுதினார். அச்சுக்கோத்தும் ஆயிற்று. நூல் மட்டும் வெளிவரவில்லை. உறைமண்ணைப் பற்றி எழுதப்பட்ட முதல் முழு நூல் ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழக நூலகத்தில் யாரும் அறியாமல் கிடந்து, 2001இல்தான் அச்சேறிற்று. இடைப்பட்ட 158 ஆண்டுகளில் பின்வந்தோர் அவர் கண்டவற்றையே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அறிவு உறங்கலாம், இருப்புப்பாதை உறங்க விடாது. 1891இல் தொடங்கிய சைபீரிய இருப்புப்பாதை பைக்காலுக்குக் கிழக்கே உறைமண்மீது ஏறியபோது, நிலையங்களின் சுவர் வெடித்தது, பாலங்களின் தூண்கள் மேலெழும்பின, நீர்க்குழாய்கள் உறைந்தன. இத்தொல்லைகளின் நடுவே வளர்ந்தவர் மிகயீல் சும்கின். அவர் 1927இல் வெளியிட்ட நூலிலிருந்தே உறைமண்ணியல் ஒரு தனித்துறையாக நிமிர்ந்தது. யாக்குட்ஸ்கிலேயே அதற்கென ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஷெர்கின் தேடிய தண்ணீரும் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. உறைமண் முழுவதையும் துளைத்துக் குழாய் இறக்கியபோது, அதன் அடியில் நீர் இருக்கக் கண்டனர். வணிகர் தவறான இடத்தில் தோண்டவில்லை. பாதி வழியில் நின்றார், அவ்வளவே.

ஃபொன் புக்கின் கேள்விக்கு விடை என்ன? யாக்குட்ஸ்கில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 240 மில்லிமீட்டர். மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் அதைப்போல் பத்து மடங்கு பெய்கிறது. 240 மில்லிமீட்டரில் காடு வளராது; பாலைப் புதர்தான் வளரும். ஆனால் உறைமண், வந்த நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்து, கோடையில் இளகும் மேல்மண்ணில் வேருக்குக் கொடுக்கிறது. மரமோ நிழல் தந்து, உதிர்ந்த ஊசியிலையாலும் பாசியாலும் தரையை மூடி, கோடை வெயில் உறைமண்ணைத் தாக்காமல் காக்கிறது. காட்டுக்குள் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் வரை இளகும் மண், வெட்டவெளியில் இரண்டு மீட்டரும் இளகுகிறது. பெர்லின் அறிஞர் பகை என்று நினைத்த இரண்டும் ஒன்றையொன்று பிழைப்பிக்கின்றன.

காட்டை வெட்டினால் என்ன ஆகும் என்பது இதனால் விளங்கும். மத்திய யாக்குத்தியாவில் மண்ணுக்குள் பெரும் பனிக்கட்டி ஆப்புகள் புதைந்து கிடக்கின்றன. அவை உருகினால் நிலம் தாழ்ந்து குளமாகும்; குளம் வற்றினால் புல்வெளியாகும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே இவ்வாறு தோன்றிய தாழ்நிலங்களை 'அலாஸ்' என்பர் சாகா மக்கள். அவர்கள் மாடு மேய்ப்பதும் வைக்கோல் சேர்ப்பதும் அங்கேதான். உலக மண்ணியலில் அச்சொல் அப்படியே ஏறிவிட்டது. இயற்கை பல நூற்றாண்டு எடுத்துச் செய்ததைச் சோவியத் காலத்து உழவு சில பத்தாண்டுகளில் செய்யத் தொடங்கிற்று. யாக்குட்ஸ்கிற்குக் கிழக்கே சுராப்சா என்னும் ஊரில், காடழித்துப் பயிர் செய்து பின்னர்க் கைவிட்ட வயல்களும் பழைய விமானத் தளமும் முதலையின் முதுகைப்போல் மேடும் பள்ளமுமாய் ஆகிவிட்டன. உழுபொறி ஓட வழியில்லை.

வடக்கே யானா ஆற்றுப் பக்கத்திலுள்ள பதகாய் என்னும் இடத்தில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. 1960களில் அங்குக் காட்டை அகற்றியதால் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. நின்றபாடில்லை, ஆண்டுக்கு ஆண்டு விளிம்பு சரிந்து, 2023ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்குழியாயிற்று. அதன் அடிப்பகுதியில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள உறைமண் வெளிப்பட்டிருக்கிறது. இடையில் வந்த எத்தனையோ வெப்பக் காலங்களைத் தாக்குப்பிடித்த மண் அது.

மிடென்டார்ஃப் செருகிய வெப்பமானிகளின் வழித்தோன்றல்கள் இன்று வடபுலம் எங்கும் உள்ளன. ருஷ்ய வானிலை நிலையங்கள் மண்ணின் வெப்பத்தை 3.2 மீட்டர் ஆழம் வரை நெடுங்காலமாக அளந்து ஏட்டில் எழுதி வந்துள்ளன. அலாஸ்கா, கனடா, சைபீரியா, ஐரோப்பிய மலைகள் ஆகியவற்றின் துளைக்கிணறுகளை ஒரே வலையாக இணைக்கும் ஏற்பாடு 1990களின் இறுதியில் அமைந்தது. அவற்றின் கணக்குப்படி 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் உறைமண்ணின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி உயர்ந்திருக்கிறது. சிறு எண் என்று தோன்றும். உறைநிலைக்குக் கீழே அரை டிகிரியில் நிற்கும் நிலத்துக்கு அது சிறு எண் அன்று. வடபுல உறைமண் வட்டாரங்களின் மண்ணில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரி அடங்கியுள்ளது; காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மக்கிப் போகாமல் குளிரில் கிடந்த இலையும் வேரும் விலங்கும் அவை. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு, கரிவளியாகவும் மீதேனாகவும் காற்றில் விடும்.

யாக்குட்ஸ்கில் வீடுகள் தூண்களின்மேல் நிற்கின்றன. வீட்டின் சூடு மண்ணைத் தொடாதபடி அடியில் குளிர்காற்று ஓட இடம் விட்டுக் கட்டுகின்றனர். ஷெர்கின் தோண்டிய கிணறு அந்நகரில் இன்றும் மூடி போட்டுக் காக்கப்படுகிறது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் ஏரி உறைந்ததும் மக்கள் பனிக்கட்டியை அறுத்து வண்டியில் ஏற்றி வருகின்றனர், குடிநீருக்காக.