இலவச மின்சாரமும் எரிந்த மோட்டாரும்: காளஹஸ்தி வயல்களிலிருந்து ஒரு வரலாறு

காளஹஸ்திக் கோயிலின் கருவறையில், காற்றுப் புகாத இடத்திலும் விளக்கின் சுடர் அசைவதாகச் சொல்வர்; வாயுத் தலம் என்பதற்கு அதுவே சான்று. அவ்வூரை அடுத்த கழனிகளிலும் விளக்குகள் அசைவதுண்டு. மும்முனை மின்சாரம் வந்த கணமே மோட்டார் கொட்டகையின் குண்டு பல்பு மங்கிச் சிவந்து, பிறகு மெல்ல மீளும். அங்கே தெய்வத்துக்கு வேலையில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டிய மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியில் கிளம்புவதும், அவற்றின் குறைந்த திறன் காரணியுமே காரணம்.

தூண்டல் மோட்டார் கம்பியிலிருந்து இருவகை மின்னோட்டத்தைப் பெறுகிறது. ஒன்று நீரை இறைக்கிறது. மற்றொன்று மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கிவிட்டு மீண்டும் கம்பிக்கே திரும்புகிறது. வேலை எதுவும் செய்யாது, ஆனால் கம்பியில் இடம் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல் இதனைச் ‘சுழித்திறன் மின்னோட்டம்’ என்கிறது. அங்கே சுழி என்பது பூச்சியம். மொழியியல் படித்த எனக்கோ ஆற்றுச் சுழிதான் நினைவுக்கு வருகிறது: நீர் முன்னே செல்லாமல், இடத்தையும் விடாமல் சுற்றுவது. சொல்லாக்கியோர் எண்ணாத பொருள்தான், எனினும் பொருந்துகிறது.

கணக்கு எளிது. 5 குதிரைத்திறன் மோட்டார், 80 விழுக்காடு பயனுறுதிறனில், ஏறத்தாழ 4.7 கிலோவாட் எடுக்கும். திறன் காரணி 0.7 எனில் டிரான்ஸ்ஃபார்மர் சுமக்க வேண்டியது 6.7 கேவிஏ. அத்தகைய நான்கு மோட்டார்கள் ஓடினால் 25 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் அளவை மீறிச் சூடேறும். ஒவ்வொன்றுக்கும் 2 கேவிஏஆர் கப்பாசிட்டர் பொருத்தினால் தலைக்கு 5.4 கேவிஏ ஆகும். அதே டிரான்ஸ்ஃபார்மர் நால்வரையும் தாங்கும். கம்பியில் வீணாகும் வெப்பமும் மூன்றிலொரு பங்கு குறையும்.

இவ்வளவு எளிய மருந்து ஏன் செல்லுபடியாகவில்லை? விடையைக் கட்டண வரலாற்றில்தான் தேட வேண்டும். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னையோடு இருந்தது. காளஹஸ்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் இருப்பது 2022-இல் வந்த மாற்றம். வற்றாத பேராறு இல்லாத இந்நிலப்பகுதியில் பொன்முகலியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். உழவு கிணற்றை நம்பியது, பின்னர் ஆழ்துளைக் கிணற்றை. 1982-இல் ஆந்திர அரசு உழவர்க்கு மீட்டர் கணக்கைக் கைவிட்டு, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என ஒரே கட்டணம் விதித்தது. மீட்டரோடு சேர்ந்து அளவு என்பதே அகன்றது என்பது என் கருத்து. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வீணாயிற்று என்று உழவர்க்கும் தெரியாது, வாரியத்துக்கும் தெரியாது.

1998-இல் மின்சீர்திருத்தச் சட்டம் வந்தது. வாரியம் பிரிக்கப்பட்டது. 2000-இல் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு தெற்கு மின்பகிர்மான நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, கட்டண உயர்வை எதிர்த்து ஐதராபாத்தின் பஷீர்பாகில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, மூவர் மாண்டனர். 2004 மே மாதம் முதல்வராகப் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி முதற் கையொப்பமிட்டது இலவச மின்சாரக் கோப்பில். அடுத்த ஆண்டுகளில் அச்சலுகையோடு நிபந்தனைகளும் வந்தன: கப்பாசிட்டர், உராய்வு குறைந்த ஃபுட் வால்வு, தரமான பிவிசி குழாய், ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற பம்ப்செட். திறன் காரணி ஓர் அரசின் நலத்திட்ட விதிகளுள் நுழைந்த அரிய தருணம் அது.

நிபந்தனை தாளில் நின்றது. உழவரின் அறியாமை என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம், நான் ஏற்பதில்லை. கப்பாசிட்டர் பொருத்தியவரின் மோட்டார் முன்பு எடுத்த மின்னோட்டத்தையே எடுக்கும்; சுமை குறைவது கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும். செலவு ஒருவருக்கு, மின்னழுத்த உயர்வோ அக்கம்பியிலுள்ள எல்லோருக்கும், அதுவும் சிறிதளவு. எல்லோரும் பொருத்தினால்தான் மின்னழுத்தம் கண்ணுக்குத் தெரியுமாறு உயரும். ஆந்திரப் பாசன மின்சாரத்தை ஆராய்ந்த கிறிஸ்டியன் கிம்மிக் இதனை ஒருங்கிணைப்புச் சிக்கலாகவே விளக்குகிறார். மின்கட்டணம் இல்லாத உழவர் காயில் எரிந்த மோட்டாருக்கு ரீவைண்டிங் கூலி தருகிறார். நீர்மூழ்கி மோட்டாராயின் குழாய்களோடு மேலே இழுக்கும் கூலியும் சேரும். அதற்குள் நிலக்கடலை வாடிவிடும். ‘இலவசம்’ என்ற சொல் இச்செலவை மறைத்துவிடுகிறது.

இன்னொரு சொற்சிக்கலும் உண்டு. அரசு ‘கப்பாசிட்டர்’ என்றது. ஊரார் அதே பொருளைக் ‘கண்டன்சர்’ என்றே அறிவர். ஆனால் அவர்கள் அறிந்த கண்டன்சரின் வேலை வேறு: மும்முனை மின்சாரம் நிறுத்தப்பட்ட நேரத்தில், வீட்டு விளக்குக்கென விடப்படும் மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டுவது. அது விதிமீறல், மோட்டாருக்கும் கேடு. நேற்றுவரை லைன்மேன் கழற்றச் சொன்ன பெட்டியையே இன்று அரசு மாட்டச் சொன்னால் உழவர் என்ன நினைப்பார்?

பின்னர் உயர் அழுத்தப் பகிர்மான முறை வந்தது. 11,000 வோல்ட் கம்பி கழனி வரை நீண்டது. சிலர் மட்டும் பங்கிடும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் நிறுவப்பட்டன. திறன் காரணியை அதுவும் திருத்தாது. ஆனால் யாரால் சுமை ஏறுகிறது என்பது பங்காளிகளுக்குத் தெரியும், பேசி முடிவெடுக்கலாம்.

காளஹஸ்திக்கு அருகே கழனி வைத்திருக்கும் என் தாய்மாமனின் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று மோட்டார்கள். சென்ற மாதம் சென்றபோது கேட்டேன், “மாமா, கப்பாசிட்டர் போட்டீங்களா?”

“பக்கத்துக் கழனி ரெட்டி போடட்டும்டா, அப்புறம் பாக்கலாம்” என்றார். ரெட்டியிடமும் கேட்டேன். அவர் தெலுங்கில் சொன்ன விடையும் அதுவே.