பழைய குரூசர் மோட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கெரானைப் பாருங்கள்

தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டி வைக்கும் கால், அகன்ற கைப்பிடி, நிதான வேகத்திலும் நல்ல இழுவை. இவையே குரூசர் வகை மோட்டார் சைக்கிளின் அடையாளம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணம் இல்லை என்பதால், வார இறுதியில் நெடும்பயணம் போக விரும்புவோருக்கு இந்த வகை மீது தனி ஆசை. புதியதன் விலை கைக்கு எட்டாதபோது பலரும் பழைய மோட்டாரைத் தேடுகின்றனர்.

உரிமமும் சாலை வரியும்

பி2 உரிமம் 250 சிசி வரை மட்டுமே செல்லும். 500 சிசியைத் தாண்டினால் 'பி ஃபுல்' வேண்டும். 249 சிசி யமஹா விராகோவைப் பி2 உரிமத்திலேயே ஓட்டலாம். தயாரிப்பு நின்ற பிறகும் அதைத் தேடுவோர் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தீபகற்ப மலேசியாவில் சாலை வரி ஆண்டுக்கு விராகோ 250க்கு 50 ரிங்கிட், 471 சிசி ஹோண்டா ரெபெலுக்கு 100, 649 சிசி கவாசாகி வல்கனுக்கு 250, 883 சிசி ஹார்லிக்கு 350 ரிங்கிட்.

'சம்போங் பாயார்' வலை

கடனைக் கட்டி முடிக்காமலே, "மாதத் தவணையை நீங்கள் தொடருங்கள்" என்று மோட்டாரைக் கைமாற்றி விடுவதே சம்போங் பாயார். கெரானில் பெயர் மாறாது. வாங்கியவர் ஒழுங்காகப் பணம் கட்டினாலும் மோட்டார் அவருடையது ஆகாது. தவணை பாக்கி விழுந்தால் இழுத்துச் சென்றுவிடுவார்கள். கட்டிய பணமும் போய்விடும். விற்றவரும் தப்ப முடியாது. சம்மன் அவர் பெயருக்கே வரும்.

இதைவிட மோசமானது 'கோசோங்' மோட்டார். வரி கட்டாமல் நாட்டுக்குள் வந்து, வேறொரு வாகனத்தின் எண்ணை மாட்டிக்கொண்டு ஓடுவது அது. பிடிபட்டால் பறிமுதல்தான். சந்தை விலையில் பாதிக்குப் பெரிய மோட்டார் கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

கைப்பிடித் தண்டுக்கு அருகே சட்டகத்தில் பொறித்த எண், இயந்திர எண் ஆகிய இரண்டும் கெரானில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஜேபிஜேயில் பெயர் மாற்றம் நடக்கும் நாளில்தான் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

குறைந்த மைலேஜ் எப்போதும் நல்லதல்ல

குரூசர்கள் பெரும்பாலும் வார இறுதியில்தான் வெளியே வரும். மீட்டர் குறைவாகக் காட்டும். டயரும் புதிதுபோல் இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கலாம். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்கவும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார் நெடுநாள் சும்மா நின்றிருந்தால், பெட்ரோல் உள்ளேயே பிசினாகிப் படிந்துவிடும். இயந்திரம் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் காலையில் மீண்டும் போய்ப் பார்ப்பது நல்லது.

பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால், கழற்றிய அசல் புகைக்குழாய், கண்ணாடி, இருக்கை எதையும் வீசிவிடக் கூடாது. சர்வீஸ் ரசீதுகளோடு அவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பேரம் பேச வசதியாக இருக்கும்.